விடுதி மாணவர் சூழலுக்காக எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "கல்லூரி விடுதியில் பகிர்வு அறையில் தங்கிப் படிக்கிறேன். கட்டடம் என்னுடையதல்ல, சமையல் என் கையில் இல்லை, செலவழிக்கப் பணமும் அதிகம் இல்லை. மூங்கில் பல்துலக்கி வாங்கு, சார்ஜரைப் பிடுங்கி வை, வைக்கோல் உறிஞ்சி பயன்படுத்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் உண்மையாகவே பலன் தருவது எது?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அறையைப் பிறரோடு பகிர்ந்துகொண்டு, ஒரே சமையற்கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு உண்டு, வகுப்புக்கு நடந்தே போகும் ஒருவர், தனி வீடும் காரும் வைத்திருப்பவரைவிட ஏற்கெனவே மிகக் குறைந்த வளத்தில்தான் வாழ்கிறார். ஆகவே குற்ற உணர்வோடு தொடங்கத் தேவையில்லை. உங்கள் சிக்கல் வேறு வகையானது. படிப்புக்கு நடுவே மிஞ்சுகிற சிறிதளவு நேரத்தையும் கவனத்தையும் சில்லறை விஷயங்களில் கரைத்துவிட்டால் பெரியவை தொடப்படாமலே நின்றுவிடும். எதைச் செய்வதற்கு முன்பும் "இதன் அளவு எவ்வளவு?" என்று கேட்டுப் பழகுங்கள் என்பதே நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி, மற்றவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவைதான்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம்; ஆனால் அந்தக் கணக்கைக் குளியலறைக்குள் கொண்டுபோவதில்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் 8 நிமிடம் நின்றால் 80 லிட்டர் செலவாகிறது. அதை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 8,400 கிலோஜூல் தேவை. மின்சாரத்தில் சொன்னால் ஏறத்தாழ 2.3 யூனிட். இதற்கு எதிரே உங்கள் கைபேசியை வைத்துப் பாருங்கள். 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தை முழுதாக ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஆக, ஒரு நீண்ட வெந்நீர்க் குளியல் சுமார் 90 முறை கைபேசி சார்ஜ் ஏற்றுவதற்குச் சமம். சும்மா செருகியிருக்கும் இக்காலத்துச் சார்ஜர் இழுப்பதோ பத்தில் ஒரு வாட்டை ஒட்டியது. ஓராண்டு முழுவதும் அதைப் பிடுங்காமலே விட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. சார்ஜரைப் பிடுங்குவது தவறில்லை, அதனால் கெடுதலும் இல்லை. ஆனால் அதைச் செய்துவிட்டுக் கடமை முடிந்ததென்று கால் மணி நேரம் வெந்நீரில் நிற்பவர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். உங்கள் விடுதியில் சூரிய வெப்பத்தால் நீர் சூடாகிறதென்றால் கதை மாறுகிறது. அங்கே கணக்குப் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான்.

அறையில் எரியும் 9 வாட் எல்இடி விளக்கு ஐந்து மணி நேரத்தில் எடுப்பது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. குளிர்சாதனம் ஓடும் நேரத்தில் ஒரு கிலோவாட்டுக்கும் மேல் இழுக்கக்கூடியது. விளக்கை அணைக்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் அறைக்குள் ஆற்றலைத் தின்பவை வெப்பத்தைக் கூட்டுபவையும் குறைப்பவையும்தான்: குளிர்சாதனம், ஹீட்டர், கெய்சர், துணி உலர்த்தும் இயந்திரம், நாள் முழுதும் ஓடும் தனிக் குளிர்பதனப் பெட்டி. கடைசியாகச் சொன்னதன் அளவு பலருக்குத் தெரிவதில்லை. அறைக்கொன்றாக வைக்கும் சிறிய பெட்டிகூட ஆண்டுக்கு 200 யூனிட்டைத் தாண்டிவிடக்கூடியது. தளத்துக்கு ஒன்று வைத்துப் பெயர் ஒட்டிப் பயன்படுத்தினால் அத்தனையும் மிச்சம். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, தோலின் மேல் காற்றை ஓட்டி உடலைத்தான் குளிர்விக்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அது ஓடுவதில் பொருளே இல்லை. ஆனால் ஆள் இருக்கும்போது விசிறியைச் சுழலவிட்டுக் குளிர்சாதனத்தை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தி வைத்தால் சுகம் குறையாமல் செலவு குறையும். குளிர்நாடுகளின் விடுதிகளில் இதற்கு நேர்மாறான காட்சி உண்டு: மையக் கொதிகலனின் வெப்பம் தாங்காமல் நடுக்குளிர்காலத்தில் சன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். அது மாணவரின் ஊதாரித்தனம் அன்று. வெப்பத்தைக் குறைக்கும் வால்வு அறையில் இல்லாததன் விளைவு. இத்தகைய இடங்களில் உங்கள் பழக்கத்தைவிடப் பராமரிப்புப் பிரிவுக்கு நீங்கள் எழுதும் ஒரு புகார் கடிதமே அதிக வேலை செய்யும்.

உணவு இதைவிடப் பெரிய விஷயம், அதே நேரத்தில் மாணவர்கள் தங்கள் கையில் இல்லை என்று எளிதாகக் கைவிட்டுவிடும் விஷயமும்கூட. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. நுகர்வோரை எட்டிய உணவில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதில் 28 சதவீதம் உணவகம், விடுதி போன்ற சமைத்துப் பரிமாறும் இடங்களிலிருந்து வருகிறது. வீணான உணவு குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதையும்போது மீத்தேனாக மாறுகிறது. கார்பன் டை ஆக்சைடோடு எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு அளவிலும் பூமியைச் சூடாக்குகிறது. அதை விளைவிக்கச் செலவான நீரும் உரமும் டீசலும் தனிக்கணக்கு.

தட்டு கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எச்சில் தொட்டியைச் சில நாட்கள் கவனித்துப் பாருங்கள். மேலாக மிதப்பது பெரும்பாலும் பிடிக்காத பதார்த்தம் அன்று. முதல் முறையிலேயே அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்ட முதன்மை உணவு. வரிசை நீளம், இரண்டாவது முறை நிற்கப் பொறுமையில்லை, சுவை எப்படி இருக்குமென்று தெரியவில்லை, கரண்டியும் பெரியது. ஆகவே ஒரேயடியாக வாரிப் போட்டுக்கொள்கிறோம். இந்தக் காரணங்கள் எதுவும் மாணவரின் ஒழுக்கம் சார்ந்தவை அல்ல என்பதால்தான் "உணவை வீணாக்காதீர்" என்ற சுவரொட்டி அதிகம் சாதிப்பதில்லை. கரண்டியைச் சிறிதாக்குவது, ருசி பார்க்க ஒரு தேக்கரண்டி தருவது, இரண்டாம் முறை வாங்க வருபவர்களுக்குத் தனி வரிசை விடுவது ஆகியவை சாதிக்கும். அமெரிக்காவில் அராமார்க் என்ற உணவு வழங்கும் நிறுவனம் 2008-ல் 25 கல்வி நிறுவனங்களில் 1,86,000 சாப்பாடுகளைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, உணவை எடுத்துச் செல்லும் ட்ரேயை நீக்கிய நாட்களில் தலைக்கு 25 முதல் 30 சதவீதம் வரை வீணானது குறைந்தது. இரண்டு கைகளால் தூக்கக்கூடிய அளவே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். யாருக்கும் யாரும் உபதேசம் செய்யவில்லை. ட்ரேயைக் கழுவும் நீரும் மிச்சமாயிற்று.

தட்டில் மிஞ்சுவதற்கு நிகரான இன்னொரு விரயம் சமையற்கட்டிலேயே நடக்கிறது. விடுமுறைக்கு முந்தைய மாலை, தேர்வு முடிந்த நாள், வளாக விழா நாள் ஆகியவற்றில் பாதிப் பேர் வெளியே போயிருப்பார்கள், ஆனால் அத்தனை பேருக்கும் உலை ஏறியிருக்கும். முந்தின நாள் இரவே "நாளை மதியம் சாப்பிட மாட்டேன்" என்று பதியும் ஒரு எளிய படிவம் இருந்தால் சமையற்காரருக்கு அளவு தெரியும். அப்படிப் பதிந்தவருக்குக் கட்டணத்தில் சிறு கழிவு கிடைக்குமானால் பதிய மறப்பவர்கள் மிகக் குறைந்துபோவார்கள்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதிலும் அளவு பார்க்க வேண்டும். 119 நாடுகளைச் சேர்ந்த சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018-ல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு, மனிதரால் ஏற்படும் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உணவு உற்பத்தியிலிருந்து வருவதாகக் கணக்கிட்டது. மாடு, ஆடு முதலிய அசைபோடும் விலங்குகளின் இறைச்சி மற்ற எல்லாவற்றையும்விட வெகு உயரத்தில் நிற்கிறது. அவற்றின் செரிமானத்திலேயே மீத்தேன் உருவாகிறது. பருப்பு, பயறு வகைகள் அடிமட்டத்தில் இருக்கின்றன. தொலைவிலிருந்து வரும் உணவு கெட்டது, பக்கத்தில் விளைந்தது நல்லது என்ற எளிய விதி இந்த ஆய்வில் நிற்கவில்லை. உணவின் மொத்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீத அளவே. விமானத்தில் வரும் பழங்கள்தான் இதற்கு விலக்கு. இறைச்சி உண்பவர் அதை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் சில வேளைகளில் பயறுக்கு மாறுவதற்கே கணிசமான விளைவு உண்டு. ஆனால் மெஸ்ஸில் பயறு உணவு சுவையில்லாமல் ஒப்புக்குச் சமைக்கப்படுகிறதென்றால் அதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். சமையலை மேம்படுத்தச் சொல்லிக் கேட்பதும் ஒரு சூழல் நடவடிக்கைதான்.

அடுத்தது, வாங்கும் பொருட்கள். கைபேசியும் மடிக்கணினியும் உண்டாக்கும் மொத்த வெளியேற்றத்தில் பெரும்பகுதி நீங்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. சுரங்கம், சில்லுத் தயாரிப்பு, பாகங்களைப் பொருத்துதல் எல்லாம் சேர்ந்து, உற்பத்தியாளர்களே வெளியிடும் கணக்கில் பல கைபேசி மாதிரிகளுக்கு இது ஐந்தில் நான்கு பங்கை ஒட்டி வருகிறது. ஆகையால் குறைவாக மின்சாரம் எடுக்கும் புதிய மாதிரிக்கு மாறுவது பெரும்பாலும் நட்டக்கணக்கு. பழையதை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதே ஆதாயம். அதற்குச் சில நடைமுறைகள் உள்ளன. லித்தியம் அயனி மின்கலத்தின் முதல் எதிரி வெப்பம். மெத்தை மேல் வைத்து மடிக்கணினியை இயக்கினால் காற்றுத்துளை அடைபட்டு உள்ளே சூடு ஏறும். மேசையில் எப்போதும் செருகியே வைத்திருப்பவர், 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு தம் கணினியில் இருந்தால் அதை இயக்கிவிடலாம். மெதுவாகிவிட்டது என்று தூக்கிப்போட நினைக்கும் கணினியில் பெரும்பாலும் குறை இருப்பது விசிறியில் அடைத்த தூசியிலோ, நினைவகப் பற்றாக்குறையிலோ, பழைய சுழல்தட்டு வன்வட்டிலோதான். மூன்றையும் கணினியின் விலையில் சிறு பகுதிக்குச் சரிசெய்துவிடலாம். உண்மையிலேயே செத்துப்போனதை அலமாரி மூலையில் வைத்திருக்காமல் அதிகாரபூர்வ மின்கழிவுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். 2022-ல் உலகில் உருவான 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

"பசுமை" என்ற முத்திரையோடு விற்கப்படும் பொருட்களில் எனக்குக் கொஞ்சம் ஐயம் உண்டு. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் பைகளை ஒப்பிட்டது. மெல்லிய நெகிழிப் பையோடு சமன் செய்ய, ஒரு சாதாரணப் பருத்திப் பையைப் பருவநிலையை மட்டும் பார்த்தால் 52 முறையும், எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறையும் பயன்படுத்த வேண்டும் என்று அது கணக்கிட்டது. குப்பையாகக் கடலில் மிதப்பது அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதால் நெகிழிப் பைக்கு இது நற்சான்றிதழ் ஆகாது. ஆனால் ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஒரு துணிப்பை, ஒவ்வொரு விழாவிலும் ஒரு எஃகு புட்டி என்று வாங்கிக் குவிக்கும் வழக்கம் எவ்வளவு அபத்தமானது என்பதை அது காட்டிவிடுகிறது. உங்களிடம் இருக்கும் பழைய பையும் கீறல் விழுந்த புட்டியும்தான் இருப்பதிலேயே பசுமையானவை.

இதற்கு ஒரு விலக்குச் சொல்லலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் அணையாடைகளுக்கு மாற்றாக மாதவிடாய்க் கோப்பை பல ஆண்டுகள் உழைக்கும். செலவும் குறையும், விடுதிக் கழிவறைக் குழாய்கள் அடைபடுவதும் குறையும். நடைமுறையில் தடையாக நிற்பது விருப்பமின்மையைவிட, அதைக் கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்யத் தனிமையான இடம் இல்லாததே. தளத்துக்கு ஒரு மின்கெட்டிலும், உள்ளே கைகழுவும் தொட்டி உள்ள ஒரு கழிவறையும் கேட்டுப் பெற்றால் அந்தத் தடை நீங்கும். விருப்பமில்லாதவர் மேல் இதைத் திணிக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

துணி துவைப்பதைப் பற்றிச் சுருக்கமாக: குளிர்ந்த நீர், நிறைந்த இயந்திரம், கொடியில் உலர்த்தல். வெந்நீரில் துவைக்கும்போது செலவாகும் ஆற்றலில் மிகப்பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே போகிறது. செயற்கை இழைத் துணிகளைத் தேவைக்கு மேல் துவைக்காமல் இருப்பதும் நல்லது. பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7,00,000க்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் வெளியேறக்கூடும் என்று மதிப்பிட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில், பல் துலக்கும்போது குழாயை மூடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒழுகும் கழிவறைத் தொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டரை இழக்கிறது. ஆனால் கழிவறைத் தொட்டியின் அடைப்பு ரப்பர் தேய்ந்துபோனால் சத்தமே இல்லாமல் நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் போய்விடும். கண்டுபிடிக்கும் வழி எளிது: தொட்டிக்குள் சில சொட்டு உணவுச் சாயத்தை விட்டு, யாரும் இழுத்துவிடாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கீழே உள்ள கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது. ஒரு மாலையில் இரண்டு நண்பர்கள் ஒரு தளம் முழுவதையும் சோதித்து, அறை எண்களோடு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தப் பட்டியல் மிச்சப்படுத்தும் நீரை ஒரு தனிமனிதர் ஆண்டெல்லாம் பல் துலக்கி மிச்சப்படுத்த முடியாது.

குப்பையைப் பிரிப்பது தேவைதான், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 வரை உலகம் உண்டாக்கிய நெகிழிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம். நெகிழிப் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகை நெகிழி என்பதைத்தான் சொல்கிறது. மறுசுழற்சி செய்யப்படும் என்று உறுதி தருவதில்லை. 1, 2 என்ற எண்களுள்ள புட்டிகளுக்கு மட்டும் பரவலாகச் சந்தை இருக்கிறது. உணவெச்சம் ஒட்டிய ஒரு பெட்டி, தொட்டியிலுள்ள நல்ல தாள்களையும் கெடுத்துவிடும். ஆகவே ஈரக் குப்பையைத் தனியே பிரிப்பது ஒன்றையாவது கறாராகச் செய்தால் மற்றவற்றைப் பிறகு பிரிப்பவரின் வேலை எளிதாகும்.

பயணத்தில் வளாகத்துக்குள் நடையும் மிதிவண்டியும் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. எரிபொருளில் உள்ள கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. கண்டம் தாண்டிப் படிக்கப் போனவருக்கு விமானப் பயணம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒருமுறை போய்வருவதே தலைக்கு ஒரு டன்னை எட்டவோ மீறவோ கூடும். பெற்றோரைப் பார்க்கப் போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டு குறுகிய பயணங்களை ஒரு நீண்ட பயணமாகச் சேர்க்க முடியுமா என்று பார்க்கலாம், அவ்வளவே.

இவ்வளவும் தனியாகச் செய்யக்கூடியவை. மாணவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: ஒரே நிர்வாகத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வாழ்கிறார்கள், ஒரு முடிவு மாறினால் எல்லோருக்கும் மாறும். அங்கே முதலில் கேட்க வேண்டியது தகவல். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 2005-ல் விடுதிகளுக்கிடையே இரண்டு வாரம் ஒரு போட்டி நடந்தது. மின்பயன்பாட்டு அளவை மாணவர்களுக்குக் காட்டி, விளக்கமும் பரிசும் சேர்த்தபோது மின்சாரப் பயன்பாடு 32 சதவீதம் குறைந்தது. உடனுக்குடன் விரிவான அளவு காட்டப்பட்ட விடுதிகளில் 55 சதவீதம் குறைந்தது. அதே போட்டியில் தண்ணீர் 3 சதவீதம் மட்டுமே குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போட்டி எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. பெரும்பாலான வளாகங்களில் விடுதிவாரியாக மின்மீட்டர் இருக்கும், ஆனால் அதன் கணக்கு நிதிப்பிரிவின் கோப்புக்குள் போய்விடும். மாதந்தோறும் அதை நுழைவாயில் பலகையில் எழுதச் சொல்லிக் காப்பாளரிடம் கேட்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் உங்கள் காலவரையறை. மூன்று நான்கு ஆண்டுகளில் நீங்கள் வெளியேறிவிடுவீர்கள். உங்களோடு ஆர்வமும் போய்விடும். கல்வியாண்டு முடிவில் அறையைக் காலி செய்யும் வாரத்தில் விடுதி வாசலில் சேரும் குவியலைப் பாருங்கள்: வாளி, மேசை விளக்கு, துணி உலர்த்தும் சட்டம், பாதி எழுதிய குறிப்பேடுகள், மெத்தை. ஒரு மாதம் கழித்துப் புதிதாக வருபவர்கள் இதே பொருட்களைக் கடையில் வாங்குவார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் ஒரு அறையைச் சேமிப்பிடமாகக் கேட்டு வாங்கி, பொருட்களைக் கழுவி அடுக்கி, புதியவர்கள் சேரும் நாளில் இலவசமாகக் கொடுக்கலாம். அதை ஒரு நண்பர் குழுவின் பெயரில் நடத்தாமல், விடுதி மன்றத்தின் விதியிலேயே ஒரு பொறுப்பாளர் பதவியாக எழுதிவைத்தால் நீங்கள் போன பிறகும் நடக்கும்.

பெரிய மாற்றங்களைக் கேட்கும்போது காலம் பார்த்துக் கேளுங்கள். உணவு வழங்குநரின் ஒப்பந்தம், துப்புரவு ஒப்பந்தம், குளிர்சாதனம் வாங்கும் டெண்டர் ஆகியவற்றின் நிபந்தனைகள் எழுதப்படும் மாதங்களில் ஒரு வரி சேர்ப்பது எளிது; கையெழுத்தான பிறகு வழங்குநர் கூடுதல் பணம் கேட்பார். எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற தேதிகளை நிர்வாக அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எச்சில் தொட்டியை இரண்டு வாரம் எடைபோட்ட கணக்கும், ஒழுகும் கழிவறைகளின் பட்டியலும், விடுதிவாரி மின்கணக்கும் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். "நிதி இல்லை" என்று பதில் வந்தால், வீணாகும் உணவுக்கும் நீருக்கும் இப்போது எந்தக் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அதே கடிதத்தின் தொடர்ச்சியாகக் கேட்டு எழுதுங்கள்.